கொழும்பில் பசுமைச் சான்றிதழ்: காணி பார்க்கும் நாள் முதல் மீற்றர் வாசிக்கும் நாள் வரை

கட்டடம் எழும்பி, பெயின்ற் அடித்து, லிஃப்டும் ஓடத் தொடங்கிய பிறகு "இதற்கு ஒரு பசுமைச் சான்றிதழ் எடுத்துவிடலாமா?" என்று கேட்டு வருபவர்கள் நிறைய. அந்த நேரத்தில் புதுக் கட்டடத்துக்கான சான்றிதழ் பெரும்பாலும் கைநழுவிப் போயிருக்கும். அத்திவாரம் வெட்டியபோது சேறு வடிகானுக்குள் போகாமல் தடுத்ததற்குப் படம் வேண்டும். பழைய வீட்டை இடித்த குப்பை எந்த லொறியில் எங்கே போனது என்பதற்குச் சீட்டு வேண்டும். அவற்றைப் பின்னால் உண்டாக்க வழியில்லை. ஆகவே இந்த வழிகாட்டி கட்டடக் கலைஞரிடம் முதல் முறை போகும் நாளிலிருந்தே தொடங்குகிறது. அங்கே முடிவெடுத்தால் பாதிப் புள்ளிகள் செலவில்லாமல் வரும். பிந்தினால் அதே புள்ளிகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

எந்தச் சான்றிதழ்?

கொழும்பில் நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை நடத்தும் க்ரீன் எஸ்எல். முகாமைத்துவம், காணி, நீர், சக்தி, பொருளும் கழிவும், உள்ளகச் சூழல், புத்தாக்கம் என்ற பிரிவுகளோடு சமூக, கலாசார விழிப்புணர்வுக்கென்று தனியாக ஒரு பிரிவும் இதில் இருக்கிறது. வெளிநாட்டு முறைகளில் அப்படி ஒரு பிரிவைத் தனியே காண்பது அரிது. பேரவையே கட்டடப் பொருட்களுக்குப் பசுமை லேபலும் கொடுக்கிறது. உள்ளூர்ப் பெயின்ற், சீமெந்து போன்றவற்றை வாங்கும்போது அந்த லேபல் கைகொடுக்கும்.

இரண்டாவது, அமெரிக்கப் பசுமைக் கட்டடப் பேரவையின் லீட். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் 2000ஆம் ஆண்டிலேயே லீட் சான்றிதழ் பெற்றது. 2008இல் துல்ஹிரியவின் துருலி ஆடைத் தொழிற்சாலை பிளாட்டினம் எடுத்தது. வெளிநாட்டுக் கொள்வனவாளருக்குப் பொருள் அனுப்பும் தொழிற்சாலைக்கும், சர்வதேசக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடும் அலுவலகக் கோபுரத்துக்கும் இதுதான் பொருத்தம். கட்டணம் டொலரில் என்பதை வரவுசெலவில் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் எட்ஜ். மின்சாரம், தண்ணீர், கட்டடப் பொருளின் உற்பத்தியில் அடங்கிய சக்தி அல்லது கார்பன் ஆகிய மூன்றிலும் உள்ளூர் வழக்கமான கட்டடத்தைவிடக் குறைந்தது 20 வீதம் மிச்சம் காட்ட வேண்டும். இரண்டில் 35 வீதம் காட்டி, மூன்றாவதில் 15 வீதத்தில் நின்றால் சான்றிதழ் இல்லை. மென்பொருள் இணையத்தில் இலவசம். உங்கள் வரைபட அளவுகளைப் போட்டு ஒரு மாலைப் பொழுதில் முதல் மதிப்பீட்டைப் பார்த்துவிடலாம். அடுக்குமாடி வீடு கட்டுபவருக்கும் சிறு ஹோட்டல் நடத்துபவருக்கும் எங்கள் பரிந்துரை இதுதான். முதலில் வடிவமைப்பு நிலையில் பூர்வாங்கச் சான்றிதழ் கிடைக்கும். கட்டி முடிந்ததும் ஓடிற்றர் தளத்துக்கு வந்து பார்த்த பிறகே இறுதிச் சான்றிதழ். ஏசி பூட்டாவிட்டால் மின்சாரம் பூச்சியம் என்று காட்டலாம் என நினைக்க வேண்டாம். உள்ளே வெக்கை அதிகம் என்று கணக்கு சொன்னால், என்றோ ஒருநாள் ஏசி வரும் என்று வைத்து மென்பொருள் அதற்குரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

இவை தவிர நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் சொந்தமாக ஒரு பசுமைக் கட்டட வழிகாட்டியும் சான்றிதழும் உண்டு. அரச கட்டடங்களை முன்னிட்டுக் கொண்டுவரப்பட்டது அது. உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பூர்வாங்கத் திட்ட அனுமதிக்குப் போகும்போதே அங்கு எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இதற்குப் பிறகு சொல்லும் அளவுகள் பெரும்பாலும் லீட் நான்காம் பதிப்பைச் சேர்ந்தவை. மற்ற முறைகளிலும் வேலை இதே போக்கில்தான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டதால், பதிவு செய்யும் அன்று எந்தப் பதிப்பின் கீழ் பதிகிறீர்கள் என்பதைப் பார்த்து, அந்தப் பதிப்பின் நூலையே கடைசி வரை கையில் வைத்திருங்கள். பாதி வேலை ஒன்றிலும் பாதி வேலை மற்றதிலும் செய்து மாட்டிக்கொள்வது நடக்கிற காரியம்.

முன்நிபந்தனையும் புள்ளியும்

பலர் குழம்பும் இடம் இது. முன்நிபந்தனைகளுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் ஒன்று தவறினாலும் முழு விண்ணப்பமும் விழுந்துவிடும். அவற்றைக் கடந்த பிறகுதான் புள்ளிக் கணக்கு. லீட்டில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்கு பிளாட்டினம். சக்திப் பிரிவுக்கு மட்டும் 33 புள்ளிகள் உண்டு. அமைவிடமும் போக்குவரத்தும் 16, உள்ளகச் சூழல் 16, பொருட்கள் 13, நீர் 11, காணி 10. மிச்சம் புத்தாக்கத்துக்கும் பிரதேச முன்னுரிமைக்கும் ஒருங்கிணைந்த திட்டமிடலுக்கும் போகிறது.

தங்கம் வேண்டுமென்றால் 60க்குத் திட்டமிடாதீர்கள், 65க்குத் திட்டமிடுங்கள். மதிப்பீட்டில் நான்கைந்து புள்ளிகள் போவது வழமை. முதல் கூட்டத்திலேயே ஒரு பெரிய தாளில் எல்லாப் புள்ளிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இருக்கலாம், இல்லை என்று குறித்து, பொறுப்பானவரின் பெயரையும் போடுங்கள். பெயர் போடாத புள்ளி வந்து சேராது.

அமைவிடப் பிரிவில் கொழும்புக்காரருக்கு நல்ல வாய்ப்பு. பஸ் தரிப்பிடம் 400 மீற்றருக்குள் அல்லது ரயில் நிலையம் 800 மீற்றருக்குள் நடந்து போகும் தூரத்தில் இருந்து, வார நாளில் 72 தடவையும் வார இறுதி நாளில் 40 தடவையும் சேவை இருந்தால் முதல் புள்ளி. வார நாளில் 360, வார இறுதியில் 216 என்றால் ஐந்து புள்ளிகள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதியை ஒட்டிய காணிக்கு 100, 101ஆம் இலக்க பஸ்களோடு கரையோர ரயிலும் இருக்கிறது. தூரத்தை வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கக் கூடாது. கட்டட வாசலிலிருந்து நடைபாதை வழியே அளக்க வேண்டும். இங்கே உண்மையான தலையிடி அட்டவணை. தனியார் பஸ்ஸுக்கு அச்சடித்த நேர அட்டவணை கையில் கிடைக்காது. மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டு ஒரு கடிதம் எடுத்து வைப்பது நல்லது. கேட்ட மறுநாள் கிடைக்கும் என்று நம்பி இருக்காமல் நேரத்தோடு கேளுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்?

கொழும்பு 6.9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வெளிநாட்டு நூல்களில் "வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லை" என்று இருப்பதை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

கணக்கு எளிது. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் இருக்கும். ஜூனில் வடக்கே ஏறத்தாழ 73 பாகை. யன்னலின் உயரம் 1.5 மீற்றர் என்றால், நண்பகல் வெயில் முழுவதையும் மறைக்கத் தெற்குப் பக்கத்துக்கு 0.9 மீற்றர் நீட்டிய சன்ஷேட் வேண்டும். வடக்குக்கு 0.45 மீற்றர் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டடி நீட்டிவிடும் பழக்கத்தில் தெற்கே போதாமலும் வடக்கே வீணாகவும் போகிறது.

கிழக்குக்கும் மேற்குக்கும் மேலே எவ்வளவு நீட்டினாலும் பயன் குறைவு, சூரியன் தாழ்வாக வந்து நேரே முகத்தில் அடிக்கும். மேற்குப் பக்கத்தில் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, களஞ்சியம் என்பவற்றை வையுங்கள். கண்ணாடி வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே செங்குத்துத் தகடுகள் போடுங்கள். உள்ளே திரை போடுவது கண்ணைக் காக்கும், ஆனால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. கடல் பார்த்த மேற்குக் கண்ணாடிச் சுவர் கொழும்பில் விலை கூட்டும் என்பது தெரியும். அதற்கு ஏசி பில்லாக எவ்வளவு கட்டுகிறோம் என்பதை வாங்குபவருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் கேளுங்கள்: வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கை உள்ளே விடும் என்பது. நம் காலநிலைக்கு ஆஷ்ரே (அமெரிக்க ஏசிப் பொறியியலாளர் சங்கம்) 90.1 தரம், 2010 பதிப்பில், 0.25ஐ அளவுகோலாக வைக்கிறது. சுவரில் 40 வீதத்துக்கு மேல் கண்ணாடி வைத்தால் கணினி மாதிரியில் உங்கள் கட்டடத்தோடு ஒப்பிடும் அடிப்படைக் கட்டடம் 40 வீதத்திலேயே நின்றுவிடும். மேலதிகக் கண்ணாடியின் சுமை முழுவதும் உங்கள் கணக்கில் விழும். கூரைக்கு வெளிர் நிறம் அடியுங்கள். தட்டைக் கூரைக்கு வெயில் திருப்பும் குறியீடு புதிதில் 82 வேண்டும். மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு பாசி பிடித்துக் கறுத்தால் அது விழுந்துவிடும், ஆகவே கழுவுவதற்கு ஏறிப் போக வழி வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கு, லீற்றர் லீற்றராக

முன்நிபந்தனை, கட்டடத்துக்குள் 20 வீதம் மிச்சம். அடிப்படை அளவுகள்: கொமட்டுக்கு ஒரு தடவை 6 லீற்றர், ஆண்கள் சிறுநீர்க் கலத்துக்கு 3.8, பொதுக் கைகழுவும் குழாய்க்கு நிமிடத்துக்கு 1.9.

100 பேர் வேலை செய்யும் அலுவலகம், பாதிப் பேர் பெண்கள் என்று வைப்போம். பெண்கள் நாளுக்கு மூன்று தடவை கொமட், ஆண்கள் ஒரு தடவை கொமட்டும் இரண்டு தடவை சிறுநீர்க் கலமும், எல்லோரும் மூன்று தடவை அரை நிமிடம் கைகழுவல் என்பது வழமையான கணக்கு. அடிப்படை: 900 + 300 + 380 + 285, மொத்தம் 1,865 லீற்றர். இப்போது 4.5, 3 லீற்றர் என இரட்டைப் பொத்தான் கொமட், 1.9 லீற்றர் சிறுநீர்க் கலம், 1.3 லீற்றர் குழாய் போடுகிறோம். பெண்களுக்கு ஒரு முழுப் பொத்தான், இரண்டு சிறு பொத்தான், சராசரி 3.5 லீற்றர். அப்போது 525 + 225 + 190 + 195, மொத்தம் 1,135. மிச்சம் 39 வீதம், மூன்று புள்ளிகள். அடுத்த படி 40 வீதம். குழாய் நுனியில் 1.3க்குப் பதிலாக 1.1 லீற்றர் ஏரேற்றரைத் திருகினால் மொத்தம் 1,105க்கு இறங்கி மிச்சம் 40.8 வீதமாகிறது, நான்காவது புள்ளி வந்துவிடும். விரல்நுனி அளவு வலைத் துண்டு ஒன்றால் ஒரு புள்ளி. இந்தக் கணக்கைப் பொருட்களை ஓடர் பண்ண முன் போடுங்கள்.

பிழை வரும் இடம் அமுக்கம். அந்த லீற்றர் அளவுகள் 4 பார் அமுக்கத்தை ஒட்டிச் சோதித்தவை. மொட்டைமாடித் தாங்கியிலிருந்து 3 மீற்றர் கீழே இருக்கும் மேல்மாடிக் குழாயில் இருப்பது 0.3 பார். அங்கே ஏரேற்றர் வழியே நூல் போல்தான் தண்ணீர் வரும். ஒரு வாரத்தில் துப்புரவுத் தொழிலாளியோ குழாய் வேலை செய்யும் பாஸோ அதைக் கழற்றி எறிந்துவிடுவார், கணக்கும் அதோடு போய்விடும். மேல் இரண்டு மாடிகளுக்குச் சிறு அமுக்கப் பம்பும், உயர்ந்த கட்டடத்தின் கீழ் மாடிகளுக்கு அமுக்கம் குறைக்கும் வால்வும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். நம் கழிப்பறையில் தவறாமல் இருக்கும் கைக்குழாய்க்கு இந்த அட்டவணையில் அடிப்படை அளவு இல்லை. ஆனால் மீற்றரில் அது ஓடும். கசியாத நல்ல வால்வாக வாங்குங்கள்.

மழைநீர்: கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. 300 சதுர மீற்றர் கூரையில் 80 வீதம் சேர்ந்தால் 576 கனமீற்றர். மேலே சொன்ன அலுவலகத்தில் கொமட்டுக்கும் சிறுநீர்க் கலத்துக்கும் நாளுக்கு 940 லீற்றர் தேவை. 10,000 லீற்றர் தாங்கி வைத்தால் பத்து நாளுக்குத் தாங்கும். ஜனவரி, பெப்ரவரியில் மாதம் 65 மில்லிமீற்றர் அளவே பெய்யும். அப்போது சேர்வது 15 கனமீற்றர் சொச்சம், தேவை 20 சொச்சம். ஆகவே அந்த இரண்டு மாதத்துக்கு நீர் வழங்கல் சபைத் தண்ணீரைத் தாங்கிக்குள் விட வழி வேண்டும். அந்தக் குழாயின் வாய் தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு நிற்க வேண்டும், நேரடி இணைப்பு கூடவே கூடாது. முதல் மழையில் அரை மில்லிமீற்றரை, அதாவது 150 லீற்றரை, வெளியே விடும் குழாய் வையுங்கள். காக்கை எச்சமும் தூசும் அதில்தான் வரும். தாங்கியின் ஒவ்வொரு வாய்க்கும் நுளம்பு போகாத வலை போடுங்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அது.

மின்சாரமும் சுத்தமான காற்றும்

சக்தி முன்நிபந்தனையை நிரூபிக்கக் கணினி மாதிரி வேண்டும். எனர்ஜிபிளஸ் இலவச மென்பொருள்தான், ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். புதுக் கட்டடம் அடிப்படையைவிட 5 வீதம் குறைவாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் 6 வீதத்திலிருந்து புள்ளிகள் தொடங்கி 18 வரை போகும். வேறு எந்தத் தலைப்பிலும் இவ்வளவு புள்ளி இல்லை. மாதிரியை வரைபடம் முடிந்த பிறகு ஓட்டினால் அது வெறும் சான்று. பாதி வரைபடத்தில் ஓட்டினால்தான் யன்னலைச் சிறிதாக்குவதா, ஏசியின் குளிர்விக்கும் இயந்திரத்தை (சில்லர்) மாற்றுவதா என்று தெரியும். மின்விளக்குக்கு அலுவலகத்தில் சதுர மீற்றருக்கு 9.7 வாற் என்பது 2010 தரம். எல்இடியில் இதைத் தாண்டிக் கீழே போவது இன்று கஷ்டமில்லை.

சூரிய மின்கலம் கடைசியில் வரட்டும். கூரையில் 1 கிலோவாற்றுக்கு ஏறத்தாழ 6 சதுர மீற்றர் வேண்டும், மாதம் 110 முதல் 120 யுனிற் கிடைக்கும். 300 சதுர மீற்றர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி, ஏசியின் வெளி யுனிற்றுகள், லிஃப்ட் அறை எல்லாம் போக 150தான் மிஞ்சும், அது 25 கிலோவாற். வெளி யுனிற்றுகளை ஒரு மூலையில் ஒதுக்க முன்கூட்டியே திட்டமிட்டால் இன்னும் கொஞ்சம் தேறும்.

கொழும்பில் அதிகமான விண்ணப்பங்கள் இடறும் கல் எது என்று கேட்டால், ஸ்பிளிட் ஏசி என்போம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது. அறையிலுள்ள அதே காற்றைக் குளிர வைத்துத் திருப்பி விடுகிறது. யன்னலை இறுக மூடி, பத்துப் பேரை உள்ளே வைத்தால் மதியத்துக்குள் கொட்டாவி வருவது அதனால்தான். ஆஷ்ரே 62.1 அலுவலகத்துக்குக் கேட்பது ஆளுக்கு விநாடிக்கு 2.5 லீற்றரும், சதுர மீற்றருக்கு 0.3 லீற்றரும். 100 சதுர மீற்றரில் பத்துப் பேர் என்றால் 25 + 30, ஆக விநாடிக்கு 55 லீற்றர். ஆறு அங்குலக் குழாய் ஒன்றில் இந்தக் காற்று நிதானமான வேகத்தில் வந்துவிடும். செலவு பெரிதில்லை. சீலிங் அடித்த பிறகு நினைத்தால்தான் பெரிது.

ஆனால் அந்தக் காற்றை அப்படியே உள்ளே ஊதிவிடாதீர்கள். கொழும்பு வெளிக்காற்றின் பனிபடுநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். 22 பாகைக்குக் குளிர்ந்த அறையில், அதைவிடக் குளிர்ந்த ஏசிக் குழாயில் அது பட்டால் வியர்த்துச் சொட்டும். மூன்றாம் மாதம் சீலிங் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் தெரியும். வெளிக்காற்றைத் தனியாகக் குளிரவைத்து ஈரத்தை எடுத்த பிறகே அறைக்கு விட வேண்டும். வெளியேறும் குளிர்காற்றோடு பரிமாறும் கருவி போட்டால் மின்சாரமும் மிஞ்சும்.

குடிபோக முன் கட்டடத்தைக் காற்றால் அலசுவதற்கும் புள்ளி உண்டு. இங்கேதான் பலர் எண்ணைப் பார்க்காமல் "செய்வோம்" என்று எழுதிவிடுகிறார்கள். சதுர மீற்றருக்கு 4,267 கனமீற்றர் வெளிக்காற்று வேண்டும், அதுவும் உள்ளே 27 பாகைக்கு மேல் போகாமல், ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டாமல். நமது 100 சதுர மீற்றர் அலுவலகத்தில் விநாடிக்கு 55 லீற்றர் விசிறியால் அதைச் செய்ய 90 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். யன்னலைத் திறந்துவிடலாம் என்றால் கொழும்பின் ஈரப்பதன் 60க்குள் நிற்காது. ஆகவே எங்கள் ஆலோசனை, காற்றுப் பரிசோதனை வழியைத் தெரிவு செய்வது. ஃபோர்மல்டிஹைட், அதாவது பலகைப் பசையிலிருந்து வெளியேறும் வாயு, பில்லியனில் 27 பங்குக்குள் இருக்க வேண்டும். மலிவு எம்டிஎஃப் பலகையில் செய்த அலுமாரி நிறைந்த அறை இதில் தோற்கும். பலகையைத் தெரிவு செய்யும் நாளிலேயே இந்தப் பரிசோதனையின் முடிவும் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

சைற்றில்: சேறு, நுளம்பு, இடிபாடு

மண் அரிப்புக் கட்டுப்பாடு முன்நிபந்தனை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்போ, ஒக்டோபர் மழைக்கு முன்போ அத்திவாரம் வெட்டி முடிப்பதாக வேலைத்திட்டத்தைப் போட்டால் பாதிக் கவலை தீரும். எல்லைவேலிக்கு அடியில் வண்டல் தடுப்புத் துணியை மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள். மேலே தொங்கவிட்டால் சேறு அடியால் போய்விடும். வாசலில் கருங்கல் சல்லி பரப்பி, லொறிச் சில்லுகளைக் கழுவ இடம் வையுங்கள். பம்ப் பண்ணும் தண்ணீர் நேரே வடிகானுக்குப் போகாமல் தெளிவதற்கு ஒரு குழி வேண்டும். கொழும்பில் அந்தக் குழியில் ஒரு கூடுதல் நிபந்தனை: ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் தேங்க விடாதீர்கள். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். திகதி தெரிய வேண்டும்.

இடிபாட்டுக் கணக்கில் 75 வீதத்தை நான்கு வகையாகப் பிரித்து மீள்பாவனைக்கு அனுப்பினால் இரண்டு புள்ளிகள். 50 வீதமும் மூன்று வகையும் என்றால் ஒன்று. கொன்கிரீற், இரும்பு, மரம், கார்ட்போர்ட் என்பவை எளிதான நான்கு. எடையாலோ கன அளவாலோ கணக்கிடலாம், ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அலகு. பாதிச் சீட்டு கிலோவிலும் பாதி கியூப்பிலும் இருந்தால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார். தோண்டிய மண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மண்ணையும் சேர்த்து 90 வீதம் என்று காட்டி, நீக்கியதும் 40க்கு விழுந்த கணக்குகள் உண்டு. ஒவ்வொரு லொறிக்கும் திகதி, வாகன இலக்கம், என்ன பொருள், எவ்வளவு, எங்கே போனது, பெற்றவரின் கையெழுத்து. காவலாளியிடம் ஒரு புத்தகம் கொடுத்து, அது எழுதாமல் கேற் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வீட்டை இடிப்பதென்றால் அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கும். தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே வையுங்கள். அதை மீள்பாவனைக் கணக்கில் போட வேண்டாம், வேலையாட்களுக்கு எடுத்துப்போகக் கொடுக்கவும் வேண்டாம். சுத்தியலால் அடித்து உடைக்கும்போது கிளம்பும் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டு கழித்துத்தான் நோயாகத் தெரியும். புள்ளிக்காக இல்லாவிட்டாலும் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

பொருட்களின் தாள்

உட்புறப் பெயின்றில் ஆவியாகும் இரசாயனம் லீற்றருக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். தரவுத் தாளை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. சைற்றில் பெயின்ரர் தின்னர் கலந்தால் எல்லாம் வீண். ஒப்பந்தத்தில் "சமமான வேறு பொருள்" என்ற வரி இருந்தால், "பசுமை ஆலோசகரின் எழுத்துச் சம்மதத்தோடு" என்பதையும் சேருங்கள். அந்த ஒரு சொற்றொடர் இல்லாததால் கொள்வனவுப் பிரிவு மலிவான பசையை வாங்கிப் புள்ளியைத் தொலைப்பது அடிக்கடி நடக்கிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த சீமெந்து வாங்கினால் மீள்சுழற்சிப் பங்கு கிடைக்கும். தொழிற்சாலைக் கழிவு என்பதால் அதன் அளவில் பாதியே கணக்கில் வரும். சான்றிதழ் பெற்ற காட்டு மரம் என்றால் கடைக்காரரின் ரசீதிலேயே சங்கிலிச் சான்றிதழ் (மரம் காட்டிலிருந்து கடை வரை வந்த வழியை உறுதிப்படுத்துவது) இலக்கம் அச்சடித்திருக்க வேண்டும். சான்றிதழின் போட்டோகொப்பியைத் தனியே தந்தால் ஏற்கமாட்டார்கள்.

ஓட்டிப் பார்த்தல், அனுப்புதல்

கமிஷனிங் முகவரை, அதாவது கட்டடத்தின் இயந்திரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிப்பவரை, வடிவமைப்புக் கட்டம் முடிய முன்னரே நியமிக்க வேண்டும். உரிமையாளர் என்ன கேட்கிறார், பொறியியலாளர் அதை எப்படிச் செய்கிறார் என்ற இரண்டு ஆவணங்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு ஏசி, மின்விளக்குக் கட்டுப்பாடு, சுடுநீர், சூரிய மின்சாரம் எல்லாவற்றையும் ஓட்டிச் சோதிப்பார். 1,860 சதுர மீற்றருக்குக் குறைந்த கட்டடத்தில் வடிவமைத்தவர்களில் ஒருவரே அதைச் செய்யலாம். கையளிக்கும் வாரத்தில் அவசரமாகச் செய்தால் குறைகளைத் திருத்த ஒப்பந்தக்காரர் சைற்றில் இருக்கமாட்டார். கடைசிக் கொடுப்பனவில் ஒரு பங்கைக் குறைத் திருத்தத்தோடு கட்டிப்போடுங்கள்.

விண்ணப்பத்தை வடிவமைப்புப் பகுதி, கட்டுமானப் பகுதி என இரண்டாக அனுப்பலாம். அதையே செய்யுங்கள். வரைபடப் புள்ளிகளில் வந்த கேள்விகளைக் கட்டடம் எழும்பும்போதே திருத்திக்கொள்ளலாம். முதல் மதிப்பீடு 20 முதல் 25 வேலை நாளில் வரும். பதில் அனுப்ப உங்களுக்கு 25 வேலை நாள். கேள்விக்குக் கேட்டதை மட்டும், பக்க எண்ணோடு பதில் கொடுங்கள். இருநூறு பக்கத்தைக் கட்டி அனுப்பினால் அதற்குள் வேறு முரண்பாடு கிளம்பும். ஆள் எண்ணிக்கை, தளப் பரப்பு, காணியின் எல்லை ஆகிய மூன்றும் எல்லாப் படிவங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்ப முன் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். தண்ணீர்க் கணக்கில் 100 பேர், காற்றுக் கணக்கில் 80 பேர் என்று இருந்தால் இரண்டும் திரும்பி வரும்.

சான்றிதழ் சுவரில் தொங்கிய பின்னும் ஒரு கடமை மிஞ்சியிருக்கிறது. கட்டடத்தின் மொத்த மின்சாரத்தையும் தண்ணீரையும் மாதாமாதம் பதிந்து ஐந்து ஆண்டுகளுக்கு அனுப்புவதாக முன்நிபந்தனையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மின்சார பில்லில் மொத்தம் மட்டும்தான் தெரியும். ஏசிக்கு ஒன்று, மின்விளக்குக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, மழைநீர்க் குழாய்க்கு ஒன்று எனத் துணை மீற்றர்களைக் கட்டும்போதே போட்டு, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில் வாசித்து எழுத ஒருவரை நியமியுங்கள். மழைநீர் மீற்றர் நவம்பரிலும் ஓடாமல் நின்றால், தாங்கியின் வால்வு மூடிக் கிடக்கிறது அல்லது மிதவை சிக்கியிருக்கிறது. உடனே போய்ப் பாருங்கள்.